தகரக் கூரை மழையும் 22 மின்முனைகளும்

காது கேளாதோருக்குப் பொருத்தும் காக்ளியர் இம்ப்ளாண்ட் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது ஒரு காணொளிதான். ஆடியாலஜிஸ்ட் கருவியை ஸ்விட்ச் ஆன் செய்கிறார், அணிந்திருப்பவர் கண் கலங்குகிறார், காட்சி முடிகிறது. கைப்பேசியைப் பெட்டி பிரித்த அன்றே விமர்சித்துவிடலாம். இந்தக் கருவியை அந்த வழக்கப்படி எடைபோட்டால் தீர்ப்பு தவறாகத்தான் வரும். கண்ணீரை நம்பினால் மிகையாகப் புகழ்வோம், அன்று கேட்கும் ஒலியை நம்பினால் அநியாயமாக மட்டம் தட்டுவோம். கேட்டுப் பழகிப் பின்னாளில் செவித்திறன் இழந்தவர்களில் பலர் முதல் நாளில் சொல்வது, ‘ஆட்கள் பேசுவது மணி அடிப்பதுபோல் இருக்கிறது’, ‘கார்ட்டூன் குரல்போல் கீச்சிடுகிறது’ என்பதுதான். இது கருவியின் பழுது அல்ல. கருவி தன் பாதியைச் செய்துவிட்டது. மூளை தன் பாதியை இன்னும் தொடங்கவில்லை.

காரணம் அமைப்பிலேயே இருக்கிறது. காதின் பின்னால் மாட்டும் பிராசஸர் ஒலியை அலைவரிசை வாரியாகப் பிரிக்கிறது. தலையில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் காயில் அதைத் தோலுக்கு அடியில் உள்ள பகுதிக்கு அனுப்ப, உள்காதின் நத்தைச் சுருளுக்குள் செருகிய மின்முனைகள் செவிநரம்பைத் தூண்டுகின்றன. இயல்பான காதில் சுமார் 3,500 உள் மயிரணுக்கள் செய்யும் வேலைக்கு இங்கே இருப்பவை, நிறுவனத்தைப் பொறுத்து, 12 முதல் 22 மின்முனைகள். அவையும் பெரும்பாலும் சுருளின் உச்சிவரை எட்டுவதில்லை. அதனால் தாழ்ந்த ஒலிகள் உயர்ந்த ஒலிக்குரிய நரம்புகளைப் போய்த் தட்டுகின்றன. கீச்சுக் குரல் அப்படித்தான் பிறக்கிறது. ஆனால் பேச்சைப் புரிந்துகொள்ள முழு ஒலியும் தேவையில்லை. ராபர்ட் ஷானனும் அவர் குழுவினரும் 1995ல் இயல்பான காது கொண்டவர்களுக்குப் பேச்சை நான்கே பட்டைகளாகச் சுருக்கிக் கேட்கவைத்தார்கள். சற்றுப் பயிற்சிக்குப் பின், அமைதியான சூழலில், அவர்கள் பெரும்பாலும் புரிந்துகொண்டார்கள். எனவே 12ஆ 22ஆ என்று கணக்குப் பார்ப்பதைவிட, கிடைக்கும் துணுக்குகளை மூளை கோத்துக்கொள்ளப் பழகுகிறதா என்று பார்ப்பதே முக்கியம். அந்தப் பழக்கம் வாரக்கணக்கில் தொடங்கி, பெரும்பாலோருக்கு முதல் ஆண்டு முழுக்க நடக்கிறது. இதற்கிடையே மேப்பிங் என்ற பெயரில் ஒவ்வொரு மின்முனைக்கும் மெல்லிய அளவையும் தாங்கக்கூடிய உச்ச அளவையும் திரும்பத் திரும்பத் திருத்தவேண்டும்.

தமிழ்க் காதுக்கு இந்தக் கருவி எப்படி உழைக்கும்? கால அளவை இது நன்றாகக் கடத்தும், நிறமாலை நுணுக்கத்தை மோசமாகக் கடத்தும். கல்–கால், படம்–பட்டம் ஆகிய இணைகள் நீளத்திலும் இடைவெளியிலும் வேறுபடுகின்றன. ஆகவே குறில் நெடிலும் இரட்டிப்பும் சீக்கிரம் பிடிபட வாய்ப்புண்டு. வலி–வளி–வழி அப்படியல்ல. அந்த வேறுபாடு நிறமாலையில் இருக்கிறது. நாக்கு உள்ளே மடிவதால் உதட்டைப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. (தமிழர்கள் பலரே ழகரத்தை ளகரமாக்கிப் பேசும்போது குறையைக் கருவியின் தலையில் மட்டும் கட்டுவது நியாயமல்ல.) இசையிலும் இதே கதைதான்: தவிலின் அடி தெளிவாகச் சேரும், நாகஸ்வரத்தின் கமகம் சிதையும். பயிற்சி வீட்டு மொழியில் நடக்கவேண்டும் என்பதும் இதனால்தான். நீலகிரியில் படுக மொழி பேசும் வீட்டுக்கு ஆங்கிலச் சொற்பட்டியலைக் கொடுத்தனுப்பினால் பாதிப் பயன் வீணாகும்.

மழையிலும் குளிரிலும் இந்தக் கருவி எப்படித் தாக்குப்பிடிக்கும் என்று பார்க்க, இனி அதே நீலகிரியில் உள்ள அவலாஞ்சிக்குப் போவோம். கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் உள்ள இந்த இடத்தில், 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் அதிகமாக மழை கொட்டியது. தகரக் கூரையில் விழும் மழை எல்லா அலைவரிசையையும் ஒரேயடியாக நிரப்பும் இரைச்சல். இம்ப்ளாண்ட் அணிந்தவர் மிகவும் திணறுவது இத்தகைய இரைச்சலில்தான். அவலாஞ்சி ஏரிக்கரைக் காற்று மைக்கில் நேராக மோதும். ஆகவே இரைச்சல் குறைப்பும், பேசுபவர் சட்டையில் செருகும் வயர்லெஸ் மைக்கும் இங்கே ஆடம்பரம் அல்ல. அடுத்தது பேட்டரி. ஒருமுறை பயன்படுத்தும் துத்தநாகக்–காற்று பேட்டரி காற்றிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சித்தான் இயங்குகிறது, அதனால் அதன் உறையை முழுமையாக மூடமுடியாது. இந்த உயரத்தில் காற்றழுத்தமே ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஈரமும் குளிரும் அதன்மேல் சேர்கின்றன. மூடிய லித்தியம் பேட்டரிதான் என் தேர்வு. புயலில் மின்சாரம் போனால் அதைச் சார்ஜ் செய்வது எப்படி என்ற மறுப்பு சரியானதே. குந்தா நீர்மின் திட்டத்துக்குப் பக்கத்திலேயே இருந்தாலும் மரம் விழுந்தால் கம்பி அறுந்துதான் போகும். பவர் பேங்க் ஒன்றும், துணைக்குத் துத்தநாகக்–காற்று பேட்டரிகளும் வைத்துக்கொள்ளலாம். இரவில் பிராசஸரை உலர்த்தும் பெட்டியில் வைப்பதை மட்டும் ஒருநாளும் தவறவிடக்கூடாது.

மூளைதான் வேலை செய்கிறது என்றால் எந்தக் கருவியும் ஒன்றுதானே என்று கேட்கலாம். அமைதியான அறையில் ஓரளவுக்கு அப்படித்தான். கூட்டத்திலும் மழையிலும் மைக்கும் இரைச்சல் குறைப்பும் எடுபடும் அளவில் வேறுபாடு தெரியும். இதைவிடக் கனமான மறுப்பு காது கேளாதோரிடமிருந்து வருகிறது: சைகை மொழி முழுமையான மொழியாக இருக்கும்போது குழந்தையின் தலையில் ஏன் கத்தி வைக்கவேண்டும்? சைகையைத் தடைசெய்து பேச்சை மட்டும் திணிக்கும் மருத்துவத்தை என்னாலும் ஆதரிக்க முடியாது. காயில் கழன்றாலும் பேட்டரி தீர்ந்தாலும் அக்குழந்தைக்கு ஒலி இல்லை, அப்போதும் அதற்கு ஒரு மொழி வேண்டும். ஆனால் பிறவியிலேயே கேளாத குழந்தைக்கு இம்ப்ளாண்ட் வைப்பதானால் முதல் சில ஆண்டுகளுக்குள் வைத்தால்தான் பலன் அதிகம். தமிழ்நாடு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் சிறு குழந்தைகளுக்கே இச்சிகிச்சையைத் தருவதும் அதனால்தான். இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதில் முரண்பாடு இல்லை.

எனக்கு மிஞ்சும் குறை கருவியின் மீதல்ல, தூரத்தின் மீது. அவலாஞ்சியிலிருந்து ஊட்டிக்கே ஏறக்குறைய 28 கிலோமீட்டர். அங்கிருந்து கோவைவரை மலை இறங்கினால் ஒவ்வொரு மேப்பிங்குக்கும் ஒருநாள் கூலி போகும், போகாவிட்டால் பழைய அளவிலேயே கருவி மாதக்கணக்கில் ஓடும். அமெரிக்காவில் 2017லேயே தொலைவிலிருந்து மேப்பிங் செய்ய அனுமதி கிடைத்துவிட்டது. ஆகவே மாடலைத் தேர்ந்தெடுக்கும் குடும்பம் கடைசியாக விசாரிக்கவேண்டியவைதான் நிறமும் ப்ளூடூத்தும். முதல் ஆண்டில் எத்தனை மேப்பிங், அவற்றில் எத்தனை வீட்டிலிருந்தே முடியும், மழைக்காலத்தில் காயில் கெட்டால் மாற்று எத்தனை நாளில் மலையேறும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.