கத்தாமல் பாடியவர்

டிசம்பர் பிறந்ததும் ஒரு சாயங்காலம் கொரட்டூரிலிருந்து ஆவடி வரை நடந்து பாருங்கள். கால் வலித்தால் அம்பத்தூரில் லோக்கல் டிரெயின் ஏறிக்கொள்ளலாம், தப்பில்லை. வாசலில் காகித ஸ்டார் தொங்குகிற ஏதாவது ஒரு வீட்டிலிருந்து ஓர் ஆண் குரல் கேட்கும். சாப்பிட்டு முடித்து, ஈஸிசேரில் சாய்ந்துகொண்டு, பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற மாதிரி ஒரு குரல். அதுதான் ஜிம் ரீவ்ஸ். ஆல்பம், 1963-ல் வந்த ‘ட்வெல்வ் சாங்ஸ் ஆஃப் கிறிஸ்துமஸ்’.

ஜிம் ரீவ்ஸ் அமெரிக்காவின் டெக்ஸாஸ்காரர். கன்ட்ரி பாடகர். கன்ட்ரி என்றால் அந்த ஊர் நாட்டுப்புறப் பாட்டின் வாரிசு என்று வைத்துக்கொள்ளுங்களேன். பிடில், கிதார், ரயில் வண்டி, சாராயக்கடை, விட்டுப்போன காதலி... இதெல்லாம் அதில் உண்டு. டெக்ஸாஸ் கிராமத்துக்கும் அம்பத்தூர் பழைய டவுனுக்கும் என்ன சம்பந்தம்? அறுபது வருஷமாக இந்த ஆளை நாம் ஏன் விடவில்லை?

இத்தனைக்கும் நான் இந்த ஆல்பத்தை ரொம்ப நாள் மட்டமாகத்தான் நினைத்தேன். எதிர்வீட்டு ஆன்ட்டி டிசம்பர் ஒன்றாம் தேதி கேசட்டைப் போட்டால் புது வருஷம் வரைக்கும் எடுக்க மாட்டார். “தாலாட்டு ஆரம்பிச்சாச்சு” என்று நானும் தம்பியும் கிண்டல் செய்வோம். கிறிஸ்துமஸ் என்றால் துள்ள வேண்டாமா? இவர் ‘ஜிங்கிள் பெல்ஸ்’ பாட்டைக்கூட குதிரை களைத்துவிடக் கூடாதே என்ற கவலையோடுதான் பாடுகிறார்!

புரிய வைத்தது ஒரு மைக் கதை.

மைக் வருவதற்கு முன்னால் நம் ஊரில் கிட்டப்பா போன்றவர்கள் கொட்டகையின் கடைசி வரிசைக்கு எட்டும்படி பாடினார்கள். எட்டாவிட்டால் டிக்கெட் காசு போச்சு. மைக் வந்த பிறகும் பலருக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. மைக் பக்கத்தில்தானே இருக்கிறது, எதற்குக் கத்த வேண்டும் என்று புரிந்துகொண்டவர்கள் ஏ.எம்.ராஜா, பி.பி.ஸ்ரீநிவாஸ் மாதிரி சிலர். டி.எம்.எஸ். ஊருக்கே பாடினார் என்றால், பி.பி.எஸ். உங்கள் ஒருவருக்கு மட்டும் பாடினார். இரண்டும் வேண்டியதுதான். ஆனால் இரண்டும் வேறு வேறு.

ஜிம் ரீவ்ஸுக்கும் இதேதான் நடந்தது. ஆரம்பத்தில் அவரும் உரக்கப் பாடியவர்தான். 1953-ல் ஹிட்டான ‘மெக்ஸிகன் ஜோ’ கேட்டால் வேறு ஆளோ என்று தோன்றும். 1957-ல் ‘ஃபோர் வால்ஸ்’ பாடும்போது மைக்குக்கு மிக அருகில் போய், குரலைத் தாழ்த்தி, கிட்டத்தட்டப் பேசினார். பாட்டு கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்தது. அப்புறம் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. முன்பு ரேடியோ அறிவிப்பாளராக வேலை பார்த்தவர் என்பதால், கேட்கிறவர் தனியாக உட்கார்ந்திருக்கிறார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இதற்குத் திட்டும் வாங்கினார்கள். ரீவ்ஸும் தயாரிப்பாளர் செட் அட்கின்ஸும் பிடிலை ஓரங்கட்டி வயலின் கூட்டத்தையும் பட்டுப்போன்ற கோரஸையும் கொண்டுவந்து, பாட்டிலிருந்த மண்ணைத் துடைத்துவிட்டார்கள் என்று. நம் நாட்டுப்புறப் பாட்டுக்குக் கீபோர்டு சேர்த்தபோது நாமும் புலம்பினோமே, அதே புலம்பல். குற்றச்சாட்டில் நியாயம் உண்டு. ஆனால் மண்ணைத் துடைத்ததால்தான் அந்தப் பாட்டு கடல் தாண்டியது என்பதும் நிஜம்.

இனி ஆல்பத்துக்கு வருவோம். பன்னிரண்டு பாட்டும் தங்கம் என்று சொன்னால் நான் பொய்யன். ஏழை மெக்ஸிகோ சிறுவன் சாண்டாவிடம் கெஞ்சுகிற ‘சென்யோர் சாண்டா கிளாஸ்’ பாட்டில் உடைந்த ஆங்கிலம் பேசிக் காட்டுகிறார். இன்றைக்குக் கேட்டால் நெளிய வைக்கிறது. கிறிஸ்துமஸ் என்ற சொல்லுக்கு எழுத்து எழுத்தாக விளக்கம் சொல்லும் பாட்டு, ஸண்டே ஸ்கூல் டீச்சர் வேலை. ‘மேரிஸ் பாய் சைல்ட்’ பாட்டில் ஹாரி பெலஃபான்டே ஒரு தீவையே கூட்டி வருவார். இவரிடம் அந்த உப்புக்காற்று இல்லை.

ஆனால் ‘ப்ளூ கிறிஸ்துமஸ்’ கேளுங்கள். எல்விஸ் பிரெஸ்லி 1957-ல் பாடியதையும் அடுத்தடுத்து கேளுங்கள். எல்விஸின் சோகம் அழகான சோகம், கண்ணாடி முன்னால் நின்று பட்ட சோகம். ரீவ்ஸ் தன் சோகத்தை யாரிடமும் காட்டவில்லை. வருத்தத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “நான் நல்லாத்தான் இருக்கேன்” என்கிற மனுஷன். ‘ஆன் ஓல்ட் கிறிஸ்துமஸ் கார்டு’ம் அப்படித்தான். கடைசியில் ‘சைலன்ட் நைட்’. அமைதியைப் பற்றிய பாட்டை அமைதியாகப் பாடுவதற்கு எத்தனை பேருக்கு மனசு வரும்?

இன்னொரு காரணம். அவர் உச்சரிப்பு. ஒரு வார்த்தை விடாமல் புரியும். அரைகுறை இங்கிலீஷ் தெரிந்த எங்கள் தெருவில் எல்லோரும் சேர்ந்து பாட முடிந்த இங்கிலீஷ் பாட்டு இதுதான். பெரம்பூர் ஆங்கிலோ இந்தியன் வீடுகளைத் தாண்டி, இது தமிழ் வீடுகளுக்குள் நுழைந்தது அப்படித்தான்.

2015 டிசம்பரை மறந்திருக்க மாட்டீர்கள். கொரட்டூரில் எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். வடிந்த பிறகு வாசலுக்கு வாசல் ஊறிப்போன மெத்தைகள். எதிர்வீட்டு ஆன்ட்டியின் டேப் ரெக்கார்டரும் கேசட் பெட்டியும் சேறாகிவிட்டன. அந்த வருஷம் தெருவில் ஸ்டார் இல்லை, கேக் இல்லை. அங்கிள் போய் அது இரண்டாவது கிறிஸ்துமஸ். இருபத்து நான்காம் தேதி ராத்திரி ஆன்ட்டி என்னைக் கூப்பிட்டு, “தம்பி, உன் போன்ல ஜிம் ரீவ்ஸ் வருமாப்பா?” என்றார்.

வந்தது. குடத்துத் தண்ணீர் வைத்திருந்த ஸ்டூல் மேல் போனை வைத்துவிட்டு, ஈரச் சுவர் வாசனைக்கு நடுவில் பன்னிரண்டையும் கேட்டோம். அன்றைக்கு வேறு எந்தக் கிறிஸ்துமஸ் பாட்டைப் போட்டிருந்தாலும், மணியும் மத்தளமுமாக, எங்களைக் கேலி செய்வது மாதிரி இருந்திருக்கும். இவர் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கிண்டல் அடித்த அத்தனை டிசம்பருக்கும் அன்றைக்கு மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

பண்டிகைப் பாட்டை எடை போட என்னிடம் இருக்கும் தராசு இப்போது இது ஒன்றுதான். பண்டிகை இல்லாத வீட்டில் அதைப் போட முடிகிறதா?

ஆல்பம் வந்த பிறகு ரீவ்ஸ் பார்த்தது ஒரே ஒரு கிறிஸ்துமஸ். 1964 ஜூலை 31-ம் தேதி அவரே ஓட்டிய சின்ன விமானம் மழையில் சிக்கி, நாஷ்வில் அருகே விழுந்தது. வயது நாற்பது.

வரும் டிசம்பரில் ஒரு ராத்திரி, வால்யூமைக் குறைத்து வைத்துக் கேட்டுப் பாருங்கள். கூட்டினால் இவர் காணாமல் போய்விடுவார்.