கடலோர வீட்டில் காற்றுச் சுத்திகரிப்பான்

ஏர் பியூரிஃபையர் என்னும் காற்றுச் சுத்திகரிப்பானைப் பற்றி நம் தேசத்தில் சொல்லப்படும் யோசனைகளில் பெரும்பாலானவை, குளிர்காலத்தில் புகையும் பனியும் கலந்து ஆகாயத்தையே மறைத்துவிடுகிற டில்லி மாநகரை மனத்தில் வைத்துச் சொல்லப்படுபவை. உப்பு ஜாடியில் நீர் கோத்துக்கொள்வதும், பொரித்த அப்பளம் சிறிது நேரத்திலேயே நமுத்துப்போவதும், ஐப்பசி கார்த்திகை மாதங்களில் பீரோவுக்குள் இருக்கிற தோல் பையின் மீது பூஞ்சணம் படர்வதும் சகஜமாக இருக்கிற சென்னை, கடலூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர நகரங்களில் குடித்தனம் நடத்துகிற ஒருவர், அந்த யோசனைகளை அப்படியே ஏற்றுக்கொண்டு கடைக்குப் போவாரானால், செலவழிக்கும் பணத்துக்குரிய பலனில் ஒரு பெரும் பங்கை இழந்துவிடுவார் என்பது என் அபிப்பிராயம். நம் காற்றில் தூசியும் புகையும் இருப்பது போலவே ஈரமும் எப்போதும் இருக்கிறது. அந்த ஈரத்தை முதலில் கணக்கில் கொண்டு, அதன் பிறகே சாதனத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சென்னையில் கடற்கரைக்குச் சமீபமான ஒரு வீட்டின் படுக்கையறையில், கடைகளில் கிடைக்கும் மூன்று விதமான சாதனங்களை, கோடையிலும் அடைமழையிலும் போகிப் பண்டிகையின் புகையிலும் வைத்து உபயோகித்துப் பார்த்ததன் பேரில் இதை எழுதுகிறேன். முதலாவது, வெறும் வடிகட்டியும் விசிறியும் மட்டுமே கொண்டது. இரண்டாவது, அவற்றோடு அயனிகளை வெளிவிடும் பகுதியையும் சேர்த்தது. மூன்றாவது, ஒரு தொட்டியில் ஜலத்தை வைத்துக்கொண்டு காற்றைச் சுத்தம் செய்வதோடு ஈரப்படுத்தியும் அனுப்புவது.

இவற்றின் உயிர்நிலை ஹெப்பா ஃபில்டர் என்னும் நுண்வடிகட்டி. 1940களில் அமெரிக்காவின் அணு ஆயுத முயற்சியின்போது, கதிரியக்கத் தூசி மனிதர்களின் சுவாசத்தில் கலந்துவிடாமல் தடுப்பதற்காக உருவாக்கப்பட்ட இந்த வடிகட்டி, மிக மெல்லிய இழைகளைத் தாறுமாறாகப் பின்னி, அந்தத் தாளைக் கொசுவம் போல நெருக்கமாக மடித்துச் செய்யப்படுவது. சல்லடையைப் போலத் துளையின் அளவைக் கொண்டு மட்டும் இது வேலை செய்வதில்லை. பெரிய துகள்கள் தம் வேகத்தினாலேயே இழையில் மோதி ஒட்டிக்கொள்ளும். மிகச் சிறிய துகள்களோ காற்றின் மூலக்கூறுகளால் இடறுண்டு அங்குமிங்கும் அலைந்து, கடைசியில் ஏதேனும் ஓர் இழையைத் தொட்டுவிடும். இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்தான் பிடிபடுவதற்கு மிகக் கடினமானது. ஆகையால்தான் அந்த அளவை வைத்து வடிகட்டியைப் பரீட்சை செய்கிறார்கள். எச் 13 என்ற தரத்தைச் சேர்ந்தது, தனக்கு மிகக் கடினமான அளவிலும் 99.95 சதவிகிதத்தைத் தடுத்து நிறுத்த வேண்டும். ‘ஹெப்பா போன்றது’, ‘ஹெப்பா வகை’ என்று மட்டும் எழுதித் தரத்தைக் குறிப்பிடாமல் விடுகிற பெட்டிகளை வாங்காமலிருப்பதே விவேகம்.

வடிகட்டி எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், அறையின் காற்று அதன் வழியே போதுமான அளவு சென்று திரும்பாவிட்டால் பிரயோஜனமில்லை. மணிக்கு எத்தனை கன மீட்டர் சுத்தமான காற்றை வெளியே தருகிறது என்பதைக் குறிக்கும் சி.ஏ.டி.ஆர். என்ற எண்ணைத்தான், விலையைப் பார்ப்பதற்கும் முன்பாகப் பார்க்க வேண்டும். 12 அடி நீளமும் 10 அடி அகலமும் 10 அடி உயரமும் உள்ள ஒரு படுக்கையறையில் 1,200 கன அடி, அதாவது சுமார் 34 கன மீட்டர் காற்று இருக்கிறது. மணிக்கு ஐந்து முறையாவது அது முழுவதும் வடிகட்டப்பட வேண்டும் என்று வைத்துக்கொண்டால், 170 கன மீட்டர் தேவையாகிறது. ஆனால் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எண் சாதனம் தன் முழு வேகத்தில் இரைந்துகொண்டு ஓடும்போது கிடைப்பது. அந்த இரைச்சலில் குழந்தையும் தூங்காது, பெரியவர்களும் தூங்க முடியாது. உறங்குவதற்கேற்ற வேகத்துக்குக் குறைத்தால் பாதிகூடக் கிடைக்காமற் போகலாம். ஆகவே இந்த அறைக்கு 300 முதல் 350 வரை உள்ளதை வாங்கி, நிதானமான வேகத்தில் ஓடவிடுவதே உசிதம். அறுநூறு சதுர அடிக்குப் போதும் என்பது போன்ற விளம்பரங்களில், மணிக்கு ஒரு முறையோ இரு முறையோ காற்று மாறினால் போதும் என்ற கணக்கு ஒளிந்திருக்கக்கூடும். கடைக்காரரிடம் சதுர அடியைக் கேட்காமல் கன மீட்டரைக் கேளுங்கள்.

கொசுவர்த்திச் சுருளைக் கொளுத்தி இதைச் சோதித்தேன். ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளிப்படும் நுண்துகள்கள் 75 முதல் 137 சிகரெட்டுகளின் புகைக்குச் சமம் என்று 2003இல் வெளியான ஓர் ஆராய்ச்சி கண்டிருக்கிறது; நம் வீடுகளில் இரவு முழுவதும் மூடிய அறையில் குழந்தைகளின் தலைமாட்டில் இது புகைந்துகொண்டிருப்பதை நினைத்தால் மனம் வேதனைப்படுகிறது. காற்று மணிக்கு ஐந்து முறை மாறுகிற மூடிய அறையில், புகையும் சுருளை அணைத்தபின் அரை மணியில், புகை ஏறக்குறைய பன்னிரண்டில் ஒரு பங்காகக் குறைய வேண்டும் என்பது கணக்கு. முதலாவது சாதனம் அந்தக் கணக்கை ஒட்டியே நடந்தது. தலைக்கு மேல் சுழன்ற மின்விசிறி காற்றை நன்றாகக் கலந்துகொடுத்து அதற்கு உதவியும் செய்தது. சுருளை அணைக்காமல் விட்டபோதோ, ஜன்னலைத் திறந்து வைத்தபோதோ, அதே சாதனம் எவ்வளவு உழைத்தும் காற்றில் பெரிய முன்னேற்றம் தெரியவில்லை. கொசுவலை கட்டிக்கொண்டு சுருளை விட்டுவிடுகிறவர், எந்தச் சாதனமும் செய்ய இயலாத நன்மையைத் தம் குடும்பத்துக்குச் செய்தவராகிறார்.

இனி ஈரத்தின் விஷயத்துக்கு வருவோம். இந்தச் சாதனம் காற்றிலுள்ள ஈரத்தில் ஒரு துளியையும் குறைப்பதில்லை. பூஞ்சணத்தின் வித்துக்கள் காற்றில் மிதந்து வரும்போது வடிகட்டி அவற்றைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் ஓதம் காத்த சுவரில் வேரூன்றிய பூஞ்சணம் நாள்தோறும் புதிய வித்துக்களை வெளிவிட்டுக்கொண்டே இருக்கும். அறையின் ஈரப்பதம் 60 சதவிகிதத்துக்குக் கீழே இருந்தால்தான் அதன் வளர்ச்சி கட்டுப்படும்; படுக்கையில் வாழும் தூசிப்பூச்சிகளோ 50 சதவிகிதத்துக்கு மேல் செழித்து வளர்பவை. வருஷத்தின் பெரும்பகுதி ஈரப்பதம் 70 சதவிகிதத்தை ஒட்டியே நிற்கிற நம் கரையோரத்தில் இதைச் சாதிக்க ஏ.சி. வேண்டும், அல்லது டீஹியூமிடிஃபையர் என்னும் ஈரநீக்கி வேண்டும். பின்னது அறையைச் சிறிது சூடாக்கும் என்பதையும் மறக்கலாகாது. ஆஸ்துமாவினால் அவதிப்படுகிறவர் உள்ள வீட்டில் சுவர் ஓதம் காத்திருந்தால், முதற்செலவு கொத்தனாருக்குப் போக வேண்டும். சாதனத்தின் முறை அதற்குப் பிற்பாடுதான்.

வடிகட்டியின் மீதே ஈரம் செய்கிற வேலையையும் கண்ணால் காணலாம். அடைமழை நாட்களில் சாதனத்தைச் சும்மா நிறுத்தி வைத்திருந்து, பின்பு முன்வலையைக் கழற்றிப் பார்த்தேன். தலைமயிரும் பஞ்சுத் திப்பியும் முகப்பவுடரும் ஒன்றாய் ஒட்டிச் சாம்பல் நிறக் கம்பளித் துண்டாகத் திரண்டிருந்தன. விரலால் தொட்டபோது பிசுபிசுத்தது. அலமாரியில் அடைத்து வைத்த ஈரத் துணியின் வாடை வந்தது. தூசியும் ஈரமும் சேர்ந்து நெடுநேரம் அசையாமல் இருந்தால் வடிகட்டியே பூஞ்சணத்துக்கு விளைநிலமாகிவிடும். இதற்குப் பரிகாரம், மழைக்காலத்தில் சாதனத்தை அணைத்து வைக்காமல் குறைந்த வேகத்தில் ஓடவிடுவதுதான். 40 வாட் இழுக்கும் சாதனம் நாள் முழுவதும் ஓடினாலும் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மேல் செலவாகாது. முன்வலையைக் கழுவினால், நிழலில் முற்றிலும் காய்ந்த பிறகே திரும்ப மாட்ட வேண்டும். ஹெப்பா வடிகட்டியையோ கழுவவே கூடாது.

நாற்றத்தையும் ரசாயன ஆவிகளையும் ஈர்ப்பதற்கென்று வைக்கப்படும் கரி வடிகட்டிதான் நம் சீதோஷ்ணத்தில் அதிகமாகச் சோர்ந்துபோவது. கரியின் நுண்துளைகளில் நாற்றம் தங்க வேண்டிய இடத்தைக் காற்றின் ஈரம் தானே பிடித்துக்கொள்கிறது. சில சமயம் முன்பே தங்கியிருந்த வாடையையும் வெளியே தள்ளிவிடுகிறது. மழைநாளின் காலையில் சாதனத்தை இயக்கியவுடன், முந்தைய நாள் தாளித்த வெங்காயத்தின் வாசனை அதிலிருந்தே கிளம்பி வந்ததன் காரணம் இதுதான். ஆகவே கரி தாராளமாக இருக்கிற சாதனமாகப் பார்க்க வேண்டும். கரித்தூள் தடவிய மெல்லிய பஞ்சுத் தாளை வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரியும். தேனடை போன்ற அறைகளில் கரிமணிகள் நிரப்பிய பலகையைக் கையில் எடுத்தால் கனம் தெரியும். பின்னதையே வாங்குங்கள். சமையலறைப் புகைக்கோ, அடுப்புக்கு மேலே ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன் வைப்பதுதான் சரியான வைத்தியம். எண்ணெய்ப் புகை வடிகட்டியின் இழைகளில் படிந்து, துகள்களை ஈர்ப்பதற்காகச் செயற்கை இழைகளுக்கு ஊட்டப்பட்ட மின்னூட்டத்தையும் கெடுத்துவிடுகிறது. சுத்திகரிப்பானைச் சமையலறைக்கு அருகே வைக்காதீர்கள்.

மற்ற இரண்டு வகைகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அயனிகளை வெளிவிடும் சாதனங்களில் சில ஓசோன் என்னும் வாயுவையும் உண்டாக்குகின்றன. நுரையீரலை உறுத்தும் அந்த வாயுவுக்கு, வீட்டுச் சாதனங்களைப் பொறுத்தவரை கலிஃபோர்னியா மாகாணம் பத்து லட்சத்தில் 0.05 பங்கு என்று உச்சவரம்பு விதித்திருக்கிறது. அந்தப் பகுதியைத் தனியாக அணைத்து வைக்க ஒரு பொத்தான் இருந்தால் வாங்கலாம், இல்லையேல் வேண்டாம். ஜலத்தொட்டி உள்ளது வறண்ட குளிர்காலமுடைய நாடுகளுக்கு உகந்ததாக இருக்கலாம். ஈரம் மிகுந்த அறைக்குள் மேலும் ஈரத்தை அனுப்புகிற சாதனத்துக்கு நம் வீட்டில் இடமில்லை.

எண்களாலும் வண்ண விளக்குகளாலும் காற்றின் நிலையைக் காட்டும் உணரியையும் முழுமையாக நம்பிவிட வேண்டாம். அது ஓர் ஒளிக்கற்றையைச் செலுத்தி, துகள்கள் சிதறடிக்கும் வெளிச்சத்தைக் கொண்டு கணக்கிடுகிறது. ஈரத்தை உறிஞ்சி உப்பிய துகள் பெரிதாகத் தெரியும். நீர்த்துளியும் துகளாகவே தெரியும். வெந்நீரில் குளித்துவிட்டுக் குளியலறைக் கதவைத் திறந்தவுடன் பச்சை விளக்கு சிவப்பாக மாறி, சாதனம் பெரும் வேகத்தில் ஓடத் தொடங்கியதைப் பலமுறை பார்த்தேன். ஆனால் போகியன்று விடியற்காலையில் அது காட்டிய சிவப்பு உண்மையான சிவப்பு. 2018ஆம் ஆண்டு போகிப் புகையினால் சென்னை விமான நிலையத்தில் விமானங்களே தடைப்பட்டன என்பது வாசகர்களுக்கு நினைவிருக்கும். 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட நுண்துகள்கள், ஒரு நாளின் சராசரியில், கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டலாகாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த நெறி. நம் நாட்டுச் சட்டம் 60 வரை அனுமதிக்கிறது. தீபாவளி இரவிலும் போகிக் காலையிலும் இந்த இரண்டு எல்லைகளையும் நுண்துகள்கள் தாண்டிவிடுகின்றன. அப்போது மூடிய அறையில் இந்தச் சாதனம் செய்யும் உபகாரம் மறுக்க முடியாதது.

ஏ.சி. இல்லாத வீட்டில், கோடையில் ஜன்னல்களை அடைத்துக்கொண்டு சுத்திகரிப்பானை ஓட்டுவது உடம்புக்குத் துன்பமே தவிர வேறல்ல. பகலில் கடற்காற்று வீசத் தொடங்கியதும் ஜன்னல்களைத் திறந்துவிடுவது அத்தகைய வீட்டாருக்கு மேலானது. ஏ.சி. உள்ள படுக்கையறையிலோ, ஈரமும் குறைந்து ஜன்னலும் மூடியிருப்பதால் சாதனம் தன் முழுப் பலனையும் தருகிறது. அங்கும் மூச்சுக்காற்றின் கரியமில வாயுவை இது நீக்காது என்பதால், காலையிலும் மாலையிலும் சிறிது நேரம் புதுக் காற்றை உள்ளே விட வேண்டும்.

வாங்குமுன், மாற்று வடிகட்டியின் விலை என்ன, அது எளிதில் கிடைக்குமா என்பதை விசாரியுங்கள். வருஷத்துக்கு ஒரு முறையாவது அதை வாங்க நேரும். வடிகட்டியின் ஓரத்தைச் சுற்றி ரப்பர்ப் பட்டை இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இடைவெளி இருந்தால் அழுக்குக் காற்று அதன் வழியாகவே தப்பிவிடும். வீட்டுக்குக் கொண்டுவந்ததும், வடிகட்டியைச் சுற்றியிருக்கும் பாலிதீன் உறையைக் கழற்றிவிட்டே ஓட்ட வேண்டும். பெரும்பாலான சாதனங்களில் அது உறையோடுதான் வருகிறது.

எச் 13 தரமுள்ள வடிகட்டி, கனமான கரிப் பலகை, அறைக்குத் தேவையானதைப் போல் இருமடங்கு காற்றளவு ஆகிய இம்மூன்றும் உடையதாய், அயனியும் ஜலத்தொட்டியும் இல்லாததாய் உள்ள எளிய சாதனத்தையே நான் சிபாரிசு செய்கிறேன். கைக்குழந்தையோ, வயோதிகரோ, மூச்சுத் திணறலால் துன்பப்படுகிறவரோ உறங்குகிற ஓர் அறையில் அதை வைத்தால் போதும். வீடு முழுவதற்கும் வாங்க வேண்டிய அவசியமில்லை. ஓதத்தை நீக்கி, கொசுவர்த்தியை நிறுத்தி, சமையற்புகைக்கு வழிவிட்ட பிறகு வாங்கப்படும் ஒரு சாதனம், இவை ஒன்றையும் செய்யாமல் வாங்கப்படும் நான்கு சாதனங்களைக் காட்டிலும் அந்தக் குடும்பத்தின் சுவாசத்துக்கு அதிக க்ஷேமத்தைத் தரும்.