தில்லி நினைவுப் பொறிப்புகளில் ‘பகைவர்’: ஒரு சொல்லும் அதன் திருத்தங்களும்

சாலையோர நினைவுப் பலகைகளின் வாசகம் பெரும்பாலும் தன்மை இடத்தில் அமைவதில்லை. ‘இங்கு இன்னார் வாழ்ந்தார்’, ‘இவ்விடத்தில் இது நிகழ்ந்தது’ என்று அவை படர்க்கையில் பேசுகின்றன. சொல்பவர் மறைந்துவிடுவதால், இடமே தன் வரலாற்றைச் சொல்வதாக வழிப்போக்கர் கொள்கிறார். ஆயினும் சில சொற்கள் சொல்பவரைக் காட்டிக்கொடுத்துவிடுகின்றன. தில்லியில் 1857ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளைக் குறிக்கும் பொறிப்புகள் இதற்குத் தக்க சான்றுகள். விடுதலைக்குப் பின் அவற்றுள் சிலவற்றை அகற்றாமல், பக்கத்தில் திருத்தப் பலகை வைத்தனர். ஒரு வாசகத்தை இன்னொரு வாசகம் திருத்த முயல்வதை அங்கு நேரிற் காணலாம்.

லோதியன் சாலையின் நடுவே பழைய வெடிமருந்துக் கிடங்கின் வாயில் நிற்கிறது. 1857 மே 11 அன்று கிடங்கைக் காத்துநின்ற ஆங்கிலேயர் ஒன்பதின்மரை அதிலுள்ள ஆங்கிலேயர் காலப் பலகை பெயர் சொல்லிப் போற்றுகிறது. கிடங்கிற்குத் தீயிட்டபோது அவர்களுள் ஐவர் ‘மடிந்தனர்’ என்றும், அவ்வெடிப்பு ‘பகைவர் பலரை அழித்தது’ என்றும் அது கூறுகிறது. இவ்விரு தொடர்களின் வேற்றுமை நோக்கத்தக்கது. ஐவர் எழுவாயாக நின்று மடிகின்றனர். பகைவரோ செயப்படுபொருளாகி அழிக்கப்படுகின்றனர். முன்னவர்க்கு எண்ணும் பெயரும் உண்டு. பின்னவர்க்குப் ‘பலர்’ என்பதே கணக்கு. இதனைத் தமிழாக்குவோர் இரண்டிடத்தும் ‘இறந்தனர்’ என எழுதிவிட்டால் நடை சீராகும். மூலத்தின் சார்பு மறைந்துபோகும். மொழிபெயர்ப்பாளரின் நல்லெண்ணமே இங்குப் பிழையாகிவிடும்.

‘பகைவர்’ என்பது ‘மகன்’, ‘அண்ணன்’ போன்ற உறவுநிலைச் சொல். யாருக்கு என்னும் வினாவிற்கு விடையின்றி அதன் பொருள் நிரம்பாது. பலகை அவ்விடையைத் தருவதில்லை. படிப்பவர் தம் பக்கத்தவர் என்று கருதிக்கொண்டு பேசுகிறது. ஆங்கிலத்தின் சுட்டும் சார்பிடைச்சொல் ‘நாம் அறிந்த அந்தப் பகைவர்’ என இக்கருத்தை மேலும் உறுதியாக்குகிறது. தமிழில் அத்தகைய இடைச்சொல் இல்லாமையால் இவ்வழுத்தம் தானாகவே தளர்ந்துவிடுகிறது.

இவ்வாயிலில் பின்னர் வைக்கப்பட்ட பலகை, மேற்காணும் பொறிப்பில் ‘கலகக்காரர்’ என விவரிக்கப்பட்டோர் கம்பெனிப் படையில் பணிபுரிந்த இந்தியர் என்றும், அயல் அரசை வீழ்த்த முயன்றவர்கள் என்றும் விளக்குகிறது. ‘என விவரிக்கப்பட்டோர்’ என்னும் அமைப்பே இதன் வலிமை. பழைய சொல் எடுத்துக்காட்டப்படுகிறது. ஆனால் அச்சொல்லுக்குப் புதிய பலகை பொறுப்பேற்கவில்லை. எனினும் பழைய வாசகத்தின் இறுதியில் வரும் ‘பகைவர்’ என்ற சொல்லை அது தொடாமலே விட்டுவிட்டது.

அச்சொல்லைத் தொட்டது, வடக்கு மேட்டுநிலத்தின் நினைவுக் கோபுரத்தில் 1972இல் வைக்கப்பட்ட பலகை. தில்லியை முற்றுகையிட்டு வென்ற ஆங்கிலேயப் படையில் மாண்டோருக்காக 1863இல் எழுப்பப்பட்ட கோபுரம் அது. அதன் பொறிப்புகளில் ‘பகைவர்’ எனப்பெற்றோர் அயலாட்சிக்கு எதிராக எழுந்து விடுதலைக்காக வீரத்துடன் போரிட்டவர்களே என விடுதலையின் வெள்ளிவிழாவையொட்டி இப்பலகை அறிவித்தது. கோபுரத்திற்கு ‘அஜித்கர்’ என்ற பெயரும் வழங்கலாயிற்று. வெல்லப்படாதோரின் கோட்டை என்பது அதன் பொருள். (நகரம் வெல்லப்பட்டதைக் கொண்டாட எழுந்த கோபுரத்திற்கு இப்பெயர்.)

1972இன் வாசகத்தில் ‘எனப்பெற்றோர்’ என்பதற்கு நிகரான சொல் எதுவும் இல்லை. ‘பகைவர்’ என்னும் சொல் மேற்கோள் குறிகளுக்குள் எழுவாயாக நிற்கிறது. ‘இன்னவர்’ என்பது பயனிலை. உரக்கப் படித்தால் குறிகள் மறைந்து, விடுதலை வீரர் மீண்டும் பகைவராகவே கேட்பர். வாயிற்பலகை தொடரமைப்பால் செய்ததை இது நிறுத்தற்குறியிடம் விட்டுவிட்டது. தமிழில் இவ்விடர் எளிதில் தீரும். தொல்காப்பிய இடையியலில் இடம்பெற்ற ‘என’ என்னும் இடைச்சொல், பிறர் கூற்றைத் தன் கூற்றினின்று ஒலியளவிலேயே பிரித்துவிடுகிறது. எனவே தமிழாக்கத்தில் ‘எனப்பெற்றோர்’ என்பதைச் சேர்ப்பது மிகைபடக் கூறலாகாது. மூலம் கருதியதைச் சொல்லாக்குவதே அது.

இதனினும் கடினமானது ‘நேட்டிவ்’ என்னும் சொல். கோபுரப் பொறிப்புகள் மாண்டோரை ஐரோப்பியர் என்றும் ‘நேட்டிவ்’ என்றும் பிரித்து எண்ணுகின்றன. சீக்கியரும் கூர்க்கர்களும் பஞ்சாபியரும் ஆங்கிலேயர் பக்கம் நின்று போரிட்டனர். அவர்களைச் ‘சுதேசிகள்’ எனப் பெயர்த்தால், 1906இல் தோன்றிய சுதேசிக் கப்பல் கம்பெனியின் நினைவுக்குப் பின் தமிழ்ச் செவிக்கு அது தேசபக்தராகவே ஒலிக்கும். ‘உள்நாட்டார்’ என்பது ஓரளவு பொருந்தும். ஆனால் மூலத்திலுள்ள இழிவு அதில் இல்லை. 1972இன் பலகை பகைவரை மீட்டதேயன்றி, இவர்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எழுந்தோரும் அவர்களை எதிர்த்தோரும் இரு பக்கமாகப் பிரிந்தபின், அதே கல்லில் எண்ணப்பட்ட இவ்விந்தியர் எப்பக்கத்தவர் என்பதற்குத் திருத்தத்தில் விடையில்லை.

வாயிலுக்கு அருகிலேயே 1902இல் தந்தித் துறையினர் நிறுவிய கற்றூண் உள்ளது. தந்தி இந்தியாவைக் காப்பாற்றியது என்னும் ஓர் ஆங்கிலேய அதிகாரியின் கூற்று அதில் இடம்பெற்றுள்ளது. இங்குப் ‘பகைவர்’ என்ற சொல்லும் இல்லை. ‘கலகக்காரர்’ என்ற சொல்லும் இல்லை. ‘இந்தியா’ என்னும் இயற்பெயரே ஆங்கிலேய ஆட்சி என்னும் பொருளில் ஆளப்பட்டுள்ளது. ஒரு சொல்லை எடுத்துக்காட்டித் திருத்தும் முறை இதற்கு உதவாது. மொழிபெயர்ப்பாளர் ‘இந்தியா’ என்றே எழுதினால் வாசகம் பொய்யாகும். ‘ஆங்கிலேய ஆட்சி’ என்று எழுதினால், அப்பெயரைத் தமதாக்கிக்கொண்ட மூலத்தின் துணிவு தமிழில் தெரியாமற் போகும்.