செவியும் திரிபும்: மேள இசையின் ஒலிப்பதிவு பற்றி ஒரு நோக்கு

மேளம் திறந்த வெளிக்கென வளர்ந்த இசை. காரைநகர் ஈழத்துச் சிதம்பரத்தின் மார்கழித் திருவாதிரை விழாவிலே சுவாமி வீதிவலம் வருகையில் எழும் நாதஸ்வர, தவில் ஒலி, சுவர்களுள் அடங்காது கடற்காற்றோடு பரந்து செல்லும் இயல்பினது. இன்றோ காரைநகரைச் சேர்ந்தோர் பலர் அத்தகைய இசையை இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்து ஒலிப்பதிவாகவே, அதுவும் ஹெட்போன் வழியாகவே கேட்கின்றனர். வீதியில் நின்றவர் அறிந்த இசையும் பதிவிற் கேட்பவர் அறியும் இசையும் ஒன்றுதானா என்னும் வினா விமரிசகனுக்கும் உரியதாகின்றது.

இவ்வினா வெறும் பொறியியல் வினாவன்று. யாழ்ப்பாணத்துத் தவில் மேதை தட்சிணாமூர்த்தி 1975 இல் மறைந்தார். அதன்பின் பிறந்தோர் அவரது கையை அறிவது எஞ்சியுள்ள ஒலிப்பதிவுகளினாலேயே. பதிவின் குறையைக் கலைஞனின் குறையாகவோ, கலைஞனின் வன்மையைப் பதிவின் குறையாகவோ கொண்டால், ஒரு மரபைப் பற்றிய தீர்ப்பே பிழைத்துவிடும்.

திரிபு என்பது யாது? ஒலிவாங்கியோ ஒலிநாடாவோ தாங்கும் எல்லையை ஒலி மீறும்போது அலையின் முகடு வெட்டுண்கின்றது. வெட்டுண்ட அலையிலே மூல ஒலியில் இல்லாத புதிய இசையங்கள் தோன்றுகின்றன. தவிலின் வலந்தலையில் கூடணிந்த விரல்கள் விழும் கணம் ஒரு செக்கனின் மிகச் சிறு பகுதியே. பழைய ஒலிப்பதிவுக் கருவிகளின் முள்ளோ ஏறத்தாழ 300 மில்லிசெக்கன் அளவிற் சராசரியைக் காட்டுவது. எனவே, முள் எல்லைக்குள் நிற்கையிலேயே முகடு வெட்டுண்டு போதல் கூடும். நாதஸ்வரத்தின் நிலை வேறு. சீவாளியின் ஒலி இயல்பாகவே இசையங்கள் நிறைந்ததாதலின், திரிபினால் விளையும் புதிய இசையங்கள் அதனுள் மறைந்துவிடுகின்றன. ஒரே ஒலிநாடாவில் தவிலின் திரிபு புலப்பட, நாதஸ்வரத்தின் திரிபு புலப்படாது போவது இதனாலாகும்.

இத்திரிபை ஹெட்போன் தெளிவாகக் காட்டுகின்றது. செவிக்கும் ஒலிப்பானுக்கும் இடையே அறையொன்று இல்லை. சுவர்களின் எதிரொலி சிறு குறைகளை மூடுவதுமில்லை. நல்ல ஹெட்போன்கள் தாமே உண்டாக்கும் திரிபும், சிறிய ஒலிபெருக்கிகள் தாழ்ந்த சுரங்களில் உண்டாக்கும் திரிபிலும் பொதுவாகக் குறைவு. இதுகொண்டு, ஹெட்போனிற் கேட்பதே உண்மை என்பார் உளர். அவர் கூற்றுப் பாதியளவே பொருந்தும்.

ஒலிபெருக்கியின் முன் அமர்பவனுக்கு இடப்பக்க ஒலி இரு செவிகளையும் எட்டும். தொலைவிலுள்ள செவியை ஒரு மில்லிசெக்கனுக்கும் குறைந்த தாமதத்துடன் எட்டும். ஹெட்போனிலோ இடப்பக்க ஒலி இடச்செவிக்கு மட்டுமே உரியது. இதன் விளைவு இரட்டை நாதஸ்வரத்தில் நன்கு விளங்கும். 600, 500 ஹேர்ட்ஸ் மீடிறனுடைய இரு சுரங்கள் வலுவாக ஒரே செவியில் விழுந்தால், 100 ஹேர்ட்ஸ் அளவில் மூன்றாவதொரு சுரத்தைச் செவியே தோற்றுவிக்கும். இத்தாலிய வயலின் மேதை தார்த்தினி 18 ஆம் நூற்றாண்டிலேயே கவனித்த உண்மை இது. இதுவும் ஒருவகைத் திரிபே. ஆயினும் கருவியின் திரிபன்று, செவியின் திரிபு. வீதியில் நிற்பவனுக்கு இது இசையின் ஒரு கூறு. கலவை செய்பவர் ஒரு நாதஸ்வரத்தை முற்றாக இடப்புறமும் மற்றையதை முற்றாக வலப்புறமும் ஒதுக்கிவிட்டால், ஹெட்போனிற் கேட்பவன் அதனை இழக்கின்றான்.

தொப்பியின் கனமும் அத்தகையதே. கம்பின் அடி வீதியில் நிற்பவனின் நெஞ்சிலும் உறைக்கும். ஹெட்போனிற் செவியோடு நின்றுவிடும். அக்குறையை நிரப்ப எண்ணித் தாழ்ந்த ஒலியை உயர்த்துவோர், பின்னர் அதனை ஒலிபெருக்கியிற் கேட்கையில் வலந்தலைச் சொற்கள் அம்முழக்கத்தில் அமிழ்ந்துபோகக் காண்பர்.

ஸ்ரூடியோ மொனிற்றர்களையே நம்புவோரின் வாதமும் முழுமையானதன்று. யமஹா நிறுவனம் 1978 இல் வெளியிட்ட என்.எஸ்.10 என்னும் சிறு ஒலிபெருக்கி, வீட்டுப் பாவனைக்கெனத் தோன்றியும் உலகெங்கும் ஒலிப்பதிவுக் கூடங்களில் இடம்பெற்றது. கேட்பதற்கு இனியது என்பதனாலன்று. கலவையின் குறைகளை வெளிப்படுத்தும் என்பதனாலேயே அது விரும்பப்பட்டது. எனினும், எந்த மொனிற்றரும் தான் வைக்கப்பட்ட அறையோடு சேர்ந்தே ஒலிக்கும். செப்பனிடப்படாத அறையில் அதன் முன் அமர்ந்து, திரிபு கேட்கவில்லையாதலால் திரிபே இல்லை எனத் துணிதல் தவறு.

ஆகவே இரண்டனுள் எது சிறந்தது என்பதிலும், எது எதற்குச் சான்றாகும் என்பதே ஆராயத்தக்கது. வெட்டுண்ட முகடு, ஒலிநாடாவின் இரைச்சல் ஆகியவற்றைத் தேடுவதற்கு ஹெட்போன் தகும். நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் இடையேயுள்ள நிறையையும், ஒலி வெளியில் நிற்கும் நிலையையும் அறிய ஒலிபெருக்கி வேண்டும். இரண்டுக்கும் மேலாக, வீதியிற் கேட்ட நினைவு வேண்டும்.

பழைய ஒலிநாடாக்களை எண்ணிம வடிவாக்கித் தூய்மை செய்வோர்க்கு இந்நினைவு இன்றியமையாதது. சீவாளியின் கரகரப்பும் வலந்தலையின் கூர்மையும் ஹெட்போனில் திரிபு போன்று தோன்றுதல் கூடும். அவற்றையும் களைந்துவிட்டால், எஞ்சுவது மாசற்ற ஒலியாயிருக்கலாம், மேளமாயிராது. மூலப் பதிவை மாற்றாது பேணி, திருத்திய பிரதியை வேறாக வைத்தலே நேர்மையான முறை. இன்றைய செவி குறையெனத் தள்ளியதை நாளைய செவி கலைஞனின் கையென இனங்காணுதல் கூடுமன்றோ?