பெட்டியை மாற்றும் வழக்கம்

மின்சாரக் காரின் பாட்டரியில் எவ்வளவு சார்ஜ் மிஞ்சியிருக்கிறது, நிறுத்திவிட்டு வந்த இடத்தில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறதா நின்றுவிட்டதா, கதவுகள் பூட்டியிருக்கின்றனவா என்னும் செய்திகளையெல்லாம் வீட்டிலிருக்கும் உரிமையாளரின் கைபேசிக்குக் கொண்டுவந்து சேர்க்கும் தொலைக் கண்காணிப்புக் கருவி ஒரு நாள் பேசாமல் நின்றுவிட்டால், பணிமனைகளில் வேரூன்றியிருக்கும் பரிகாரம் பழைய பெட்டியைக் கழற்றிவிட்டுப் புதிய பெட்டியைப் பொருத்துவதே. இவ்வழக்கத்தில் நியாயமும் உண்டு, குறையும் உண்டு. குறையே மிகுதி என்பது என் அபிப்பிராயம்.

நியாயத்தை மறைக்க வேண்டியதில்லை. சிறு கணினி, கோபுரத்தோடு பேசும் மோடம், இடமறியும் ஜிபிஎஸ் ஆகிய மூன்றும் ஒரே பலகையில் நெருக்கமாகப் பற்றவைக்கப்பட்டிருப்பதால், அதிர்விலும் வெப்பத்திலும் விரிசல் கண்ட ஓர் இணைப்பைத் தேடிக் கண்டுபிடிப்பது சாதாரணப் பணிமனைக்குச் சாத்தியமான காரியமன்று. மேலும், அந்தப் பெட்டி காரின் மற்றக் கணினிகள் ஒன்றோடொன்று பேசும் கேன் கம்பிகளோடு பிணைந்திருக்கிறது. அரைகுறையாகச் சீர்செய்யப்பட்ட ஒரு பலகை அக்கம்பிகளில் தாறுமாறாகப் பேசத் தொடங்கினால் கெடுவது கைபேசிச் செய்தி மட்டுமாக இராது. ஆகவே, பெட்டிதான் பழுது என்று நிச்சயமானபின் அதை முழுமையாக மாற்றுவதில் தவறே இல்லை.

நிச்சயமாகும் முன்பே மாற்றுவதுதான் தவறு. காரிலிருந்து கைபேசிக்கு ஒரு செய்தி வந்து சேர்வதற்கு, 12 வோல்ட் துணைப் பாட்டரி, அதிலிருந்து வரும் கம்பிகள், கேன் இணைப்பு, மோடம், ஆண்டெனா, சிம் அட்டை, தொலைபேசி நிறுவனத்தின் கோபுரம், கார் நிறுவனத்தின் சர்வர், கைபேசியிலுள்ள செயலி ஆகிய அத்தனையும் ஒருசேரத் தத்தம் கடமையைச் செய்தாக வேண்டும். இவற்றில் எது தவறினாலும் உரிமையாளர் காண்பது ஒரே விளைவைத்தான். கடிதம் வந்து சேரவில்லை என்றவுடன் எழுதியவரின் பேனாவை மாற்றச் சொல்வதற்கு ஒப்பான காரியத்தையே பணிமனை செய்கிறது.

உதாரணமாக மின்சார வழியை எடுத்துக்கொள்வோம். ஜிஎஸ்எம் மோடம் சும்மா இருக்கும்போது சொற்ப மின்சாரமே கொள்ளுமெனினும், கோபுரத்திற்குச் செய்தி வீசும் கணத்தில் ஏறத்தாழ 2 ஆம்பியர் வரை இழுக்கும். வழியில் எங்கேனும் தளர்ந்த இணைப்போ களிம்பேறிய எர்த் முனையோ இருந்தால், அந்தக் கணத்தில் மட்டும் வோல்ட் சரிந்து மோடம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். மல்டிமீட்டரை வைத்து நிதானமாகப் பார்க்கிறவருக்கோ எல்லாம் சரியாகவே தோன்றும். பாட்டரியே தளர்ந்து, ஓய்வில் 12.6 வோல்ட் காட்ட வேண்டியது 12-க்குக் கீழே இறங்கிவிட்டால், காரைக் கிளப்புவதற்கு மின்சாரம் மிஞ்ச வேண்டுமென்று சில கருவிகள் தாமாகவே உறங்கிவிடுகின்றன. அது பழுதன்று, பாதுகாப்பு.

இங்கேதான் இவ்வழக்கத்தின் ஆழ்ந்த குறை இருக்கிறது. பெட்டியை மாற்றும்போது பெட்டி மட்டும் மாறுவதில்லை: மின்சாரம் ஒருமுறை துண்டிக்கப்பட்டு மீள்கிறது, செருகியைக் கழற்றி மாட்டுவதால் அதன் முனைகள் உராய்ந்து சுத்தமாகின்றன, சிம் புதிதாகிறது, சர்வரில் காரின் பதிவு புதுப்பிக்கப்படுகிறது. ஒரே சமயத்தில் இத்தனை மாறுதல்களைச் செய்துவிட்டு, கருவி மறுபடி பேசியதும் அந்தக் கீர்த்தி முழுவதையும் புதிய பெட்டிக்கே அளித்துவிடுகிறார்கள். காரணம் அறியப்படாததால் பழுது திரும்பவும் வருகிறது. வந்தபோது பணிமனை முன்னிலும் அறிவு பெற்றதாக இல்லை.

பெட்டிக்கு வெளியே காரணம் இருக்கக்கூடும் என்பதற்கு நிஸ்ஸான் லீஃப் காரின் சரித்திரமே பெரிய சாட்சி. 2010-ஆம் ஆண்டின் இறுதியில் விற்பனைக்கு வந்த அக்காரின் கருவி 2ஜி அலைகளை நம்பியிருந்தது. அமெரிக்காவில் ஏடி அண்டு டி நிறுவனம் 2016-ஆம் ஆண்டு முடிவோடு 2ஜி சேவையை நிறுத்தியபோது, குறையொன்றுமில்லாத பெட்டிகள் ஊமையாயின. 3ஜி பெட்டிக்கு மாற்றிக்கொண்டவர்களும் 2022 பிப்ரவரியில் 3ஜி நின்றவுடன் அதே நிலைக்கு வந்தனர். பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதல் பழைய லீஃப் கார்களுக்கான செயலியே கைவிடப்பட்டது. பெட்டிக்குள் பழுது தேடுவதில் இங்கே என்ன பயன்?

டெஸ்லாவின் அனுபவம் வேறு விதமானது. பழைய மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்களில் நடுத்திரையை இயக்கும் கணினியின் 8 ஜிபி நினைவகச் சில்லு, கணினியின் நடவடிக்கைகளை ஓயாது நாட்குறிப்பாக எழுதியெழுதியே தேய்ந்து மடிந்தது. 2021 பிப்ரவரியில் ஏறத்தாழ 1,35,000 கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. இங்கே பழுது பெட்டிக்குள்ளேதான், மாற்றமும் அவசியந்தான். ஆனால் அதே அளவுச் சில்லை மறுபடி வைத்திருந்தால் அழிவு மறுபடி தொடங்கியிருக்கும். காரணம் அறியப்பட்டதனாலேயே 64 ஜிபி சில்லு பொருத்தப்பட்டது.

இதற்கு எதிர்முனையில், டெஸ்லா ரோட்ஸ்டர் உரிமையாளர்களிடையே பிறந்த ஓப்பன் வெஹிக்கிள் மானிட்டரிங் சிஸ்டம் என்னும் திறந்த கருவி நிற்கிறது. அதன் மோடம் எந்த நிலையிலிருக்கிறது, சிக்னல் எவ்வளவு, சர்வரோடு தொடர்பு எங்கே அறுந்தது, பாட்டரி எத்தனை வோல்ட் என்று உரிமையாளரே வரிவரியாக வாசித்தறியலாம். இதிலும் சிரமம் உண்டு. லீஃப் காரில் பெரிய பாட்டரியின் செய்திகள் வழக்கமான 6, 14 எண் முனைகளில் வராமல், பழுதறியும் கருவிகளை மாட்டும் ஓபிடி செருகியின் 12, 13 எண் முனைகளில் வருகின்றன என்பதை அறியாதவர், பொருந்தாத கேபிளை மாட்டிவிட்டுக் கருவியைப் பழிக்க நேரும். எல்லா உரிமையாளருக்கும் இந்த அறிவும் பொறுமையும் இருக்கும் என்று எதிர்பார்ப்பது தர்மமாகாது.

மூடிய பெட்டியே பாதுகாப்பானது என்ற வாதமும் முழுமையாக நிற்பதில்லை. காரின் அடையாள எண்ணை மட்டும் அறிந்த எவரும் வேறொருவரின் லீஃபில் குளிர்சாதனத்தை இயக்கலாம் என்று கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் டிராய் ஹன்ட் 2016 பிப்ரவரியில் வெளிப்படுத்தியபோது, ஓட்டை இருந்தது சர்வரில். பெட்டி மூடித்தான் இருந்தது.

ஆகையால் கார் நிறுவனங்களிடம் நான் கேட்பது இதுவே: துணைப் பாட்டரியின் வோல்ட், சிக்னலின் அளவு, சிம் பதிவாகியிருக்கிறதா இல்லையா, சர்வர் கடைசியாகப் பதிலளித்த நேரம் ஆகிய நான்கையும் காரின் திரையிலேயே காட்டுங்கள். உரிமையாளர்களும், புதிய பெட்டிக்குச் சம்மதம் தருவதற்கு முன்னால், பழைய பெட்டியில் இந்நான்கும் எப்படி இருந்தன என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.