தராசு சொல்வதும் சொல்லாததும்

கினிப்பன்றிக் குட்டி வளர்ப்பவர்களிடம் நல்ல வழக்கம் ஒன்று வேரூன்றியிருக்கிறது. வாரம் ஒருமுறை குட்டியை எடை போட்டு நோட்டில் குறித்துவைப்பது. சமையலறை மின்தராசும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவும் இருந்தால் போதும். இந்த வழக்கத்தை நான் மனதார ஆதரிக்கிறேன். ஆனால் அந்த எண்ணை மட்டும் பார்த்துத் தீனியைத் தீர்மானிக்கும்போது, நல்ல எடையில் இருக்கும் குட்டிகளும் நோயில் விழுகின்றன. அதைத்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது.

தராசின் பலன் பெரிது. கினிப்பன்றி பிற விலங்குகளுக்கு இரையாகும் பிராணி. உடம்புக்கு முடியவில்லை என்றால் அதை மறைக்கவே பார்க்கும். தின்ன முடியாத குட்டிகூடத் தட்டருகே வந்து நிற்கும், புல்லை வாயில் கவ்வும், ஆனால் மென்று விழுங்காது. அதன் பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பவை. கடைவாய்ப் பல் கோணலாக வளர்ந்து நாக்கை அழுத்தினாலும் வெளிப்பார்வைக்கு ஒன்றும் தெரியாது. அடர்ந்த முடி மெலிவையும் மூடிவிடும். இந்த நிலையில் நம்மை முதலில் எச்சரிப்பது தராசுதான்.

ஆனால் நிறுக்கிற முறை சீராக இருக்க வேண்டும். இந்தப் பிராணியின் வயிற்றில் எப்போதும் புல் நிறைந்திருப்பதால் காலை எடையும் மாலை எடையும் ஒன்றாக இருப்பதில்லை. வாராவாரம் அதே நேரத்தில், காய்கறி போடுவதற்கு முன் நிறுப்பது நல்லது. குட்டி துள்ளினால் எண்ணும் துள்ளும். டப்பாவில் ஒரு கொத்தமல்லித் தழையைப் போட்டு, தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, பிறகு குட்டியை இறக்குங்கள். தழையைக் கடித்துக்கொண்டு அது அமைதியாக நிற்கும். தழை வயிற்றுக்குள் போனாலும் மொத்த எடை மாறாது.

சிக்கல் தொடங்குவது அட்டவணையில். இத்தனை வாரத்தில் இத்தனை கிராம் என்று யாரோ போட்ட பட்டியலோடு நம் குட்டியை ஒப்பிடுகிறோம். பிறக்கும்போதே குட்டிகளின் எடை பெரிதும் வேறுபடும். பெரும்பாலும் 70 முதல் 100 கிராம் வரை இருந்தாலும், ஒற்றையாகப் பிறந்தது 100 கிராமுக்கு மேலும், ஐந்தாறோடு பிறந்தது 60 கிராமை ஒட்டியும் இருக்கக்கூடும். தாய்க்கு இரண்டே காம்புகள்; பெரிய ஈற்றில் பிறந்த குட்டி பாலுக்கும் முறை போட வேண்டும். இனமும் ஒரு காரணம். பெரூவில் இறைச்சிக்கென்றே தேர்ந்தெடுத்துப் பெருக்கிய இனங்கள் இரண்டே மாதத்தில் முக்கால் கிலோவை எட்டிவிடும். வீட்டில் வளர்க்கும் சாதாரணப் பெண் முழு வளர்ச்சியிலேயே 700 முதல் 900 கிராம்தான். அந்தக் கணக்கை இதன்மேல் ஏற்றினால் ஆரோக்கியமான குட்டியும் சவலையாகத் தெரியும். நாம் கவனிக்க வேண்டியது அந்தக் குட்டியின் சொந்த வளர்ச்சியை. நாளுக்குச் சராசரியாக 3 முதல் 5 கிராம் ஏறி வந்தால் அது சிறிய குட்டியாக இருந்தாலும் கவலையில்லை. பட்டியலில் மேல்வரிசையில் இருந்த குட்டி ஒரு வாரம் ஏறாமல் நின்றால் கவலைப்பட வேண்டும்.

இதைவிடப் பெரிய குறை, ஏறிய எடை எதனால் ஏறியது என்று தராசுக்குத் தெரியாது என்பது. கினிப்பன்றி மனிதரைப் போலவே வைட்டமின் சி-யைத் தன் உடலில் உண்டாக்கிக்கொள்ள முடியாத பிராணி. 1907-இல் நார்வேயின் ஆக்சல் ஹோல்ஸ்ட்டும் தியோடர் ஃப்ரோலிக்கும் வெறும் தானியத்தீனி கொடுத்து இதற்கு ஸ்கர்வி வரவழைத்துக் காட்டினார்கள். அது தெரிந்து நூறாண்டுக்கு மேலாகியும், முயல் தீனியைக் கினிப்பன்றிக்கும் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். முயல் தனக்கு வேண்டிய வைட்டமின் சி-யைத் தானே உண்டாக்கிக்கொள்ளும்; அதன் தீனியில் அதைச் சேர்க்க வேண்டிய தேவையில்லை. அந்தத் தீனியில் வளரும் குட்டிக்கு முதலில் எடை நன்றாகவே ஏறும். சில வாரத்துக்குள் முடி கரடுமுரடாகும், மூட்டு வீங்கும், தூக்கினால் வலியில் கத்தும். எடை சரியத் தொடங்கும்போது நோய் முற்றியிருக்கும்.

கினிப்பன்றிக்கென்றே செய்த தீனியிலும் இந்தச் சத்து நாள்பட்டால் குறைந்துவிடும். மூட்டையின் தயாரிப்புத் தேதியைப் பார்த்து வாங்குங்கள். தண்ணீரில் சொட்டு மருந்து விடுவதை நம்ப வேண்டாம், அதுவும் சீக்கிரம் வீரியம் இழந்துவிடும். காய்கறியே எளிய வழி. வளரும் குட்டிக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 30 மில்லிகிராம் வரை வேண்டும். 250 கிராம் குட்டிக்குக் கணக்குப் போட்டால் ஏழரை மில்லிகிராம். பச்சைக் குடைமிளகாயில் பத்து கிராம், அதாவது ஒரு சிறு துண்டு, இந்தத் தேவையை ஏறக்குறைய நிறைவு செய்துவிடும். இவ்வளவு எளிதான ஒன்று கிடைக்காமல் ஒரு குட்டி மூட்டு வலியில் முடங்குவது எனக்குப் பொறுக்கவில்லை.

எடை ஏறட்டும் என்று தீனியையும் பழத்தையும் கூட்டுவதால் இன்னொரு கேடும் உண்டு. வயிறு நிறைந்த குட்டி புல்லைத் தொடாது. பல் தேய்வதும் குடல் ஓயாமல் இயங்குவதும் நாரால்தான். காய்ந்த புல் எப்போதும் கூண்டில் இருக்க வேண்டும், அருகம்புல்லும் கொடுக்கலாம். நெல் வைக்கோல் இதற்கு ஈடாகாது, அதில் சத்து குறைவு. புரதமும் கால்சியமும் மிகுந்த குதிரைமசால் இளங்குட்டிக்கு ஏற்றதுதான். எடை நன்றாக ஏறுகிறதே என்று ஆறு மாதத்துக்குப் பிறகும் அதையே தொடர்ந்தால் சிறுநீர்ப்பையில் கல் வர வாய்ப்புண்டு.

பெண்குட்டியின் எடை திடீரென்று ஏறினால் மகிழ்வதற்கு முன் ஒன்று யோசியுங்கள். நான்கு வாரத்திலேயே அது சினைப்படக்கூடும். ஆணும் பெண்ணும் ஒரே கூண்டில் கிடந்த இடத்திலிருந்து வாங்கிய குட்டி என்றால் அந்த ஏற்றம் தீனியால் வந்ததாக இல்லாமல் போகலாம்.

ஆகவே எடை போடுவதை விடாதீர்கள். எண்ணுக்குப் பக்கத்தில் அந்த வாரம் தின்ற காய், புல்லின் அளவு, புழுக்கையின் நிலை எல்லாவற்றையும் எழுதிவையுங்கள். பத்தில் ஒரு பங்கு எடை குறைந்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். அரை நாள் குட்டி எதையும் தின்னவில்லை என்றால் தராசைத் தேட வேண்டாம், அடுத்த வாரத்து எண்ணுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். நோட்டையும் குட்டியையும் எடுத்துக்கொண்டு அன்றே கால்நடை மருத்துவரிடம் போங்கள்.