காலண்டர் தாளின் பின்பக்கம்

எங்கள் வீட்டுக் கார்ப் பயணங்கள் எல்லாம் கிழித்த மாதக் காலண்டரின் பின்பக்கத்தில்தான் ஆரம்பிக்கும். வலது ஓரமாக நெளிந்து இறங்கும் கோடு கடற்கரை. அதையொட்டி மரக்காணம், புதுச்சேரி, சிதம்பரம், தரங்கம்பாடி, நாகூர், வேதாரண்யம் என்று அம்மா பென்சிலால் ஊர்களைக் குறிப்பார். அழிக்க வசதியாகப் பென்சில்தான்.

எத்தனை மணி நேரம் ஆகும் என்று செல்போன் சொல்லிவிடும். உச்சிவேளையில் சாத்திய கோயில் நடை மாலையில்தான் திறக்கும் என்பதையும், பாட்டியின் முழங்கால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்காது என்பதையும் வைத்துக் கணக்குப் போட வீட்டு ஆள்தான் வேண்டும். அந்தக் கணக்கில் இருக்கும் அக்கறை எனக்கு ரொம்பப் பிடிக்கும். விடியுமுன் சென்னையை விட்டால், வெயில் ஏறுவதற்குள் மரக்காணம் உப்பளங்கள் வந்துவிடும். பாத்திகளில் தேங்கிய நீர் வானத்தின் நிறத்தில் கிடக்கும். வரப்போரம் ஓலை போர்த்திய உப்புக் குவியல்கள்.

இரவு தங்கத் தரங்கம்பாடி. டேனிஷ்காரர்கள் 1620இல் கட்டத் தொடங்கிய கோட்டை அலைக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. 1706இல் மதபோதகராக வந்திறங்கிய சீகன்பால்கு தமிழ் அச்சுக்காக உழைத்த ஊரும் இதுதான். இங்கே அவசரப்படவே கூடாது.

மறுநாள், 1930 உப்புச் சத்தியாகிரகத்தின் வேதாரண்யம். நாகூருக்கும் அதற்கும் நடுவில் அம்மா வேண்டுமென்றே இரண்டு விரற்கடை இடம் விட்டிருக்கிறார். அதில் பொடி எழுத்தில் ஒரே சொல்: இளநீர்.